சகாராவின் பிரதிநிதி

பிணமாக நடிக்கும் வாய்ப்பை சிபிரி மில்லோகோ தேடிப் போகவில்லை. அதுதான் அவரைத் தேடி வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் போபோ நகரத்துப் பெரிய சந்தையில் அவருக்கு மெத்தை வியாபாரம். மதியம் சாப்பிட்டு முடித்ததும், அடுக்கி வைத்த மெத்தைகளில் எது மேலே இருக்கிறதோ அதில் ஏறிப் படுத்துவிடுவார். கேட்டால், சரக்கின் தரத்தை வாடிக்கையாளருக்குக் காட்டுகிறேன் என்பார். அப்படி ஒரு மதியம் தரத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் எடித் சோமே என்ற பெண் திரைப்பட இயக்குநர் அந்தப் பக்கம் வந்தார். சிபிரியின் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அது மெல்ல நடந்து உதட்டுக்கு வந்தது. அங்கிருந்து கண்ணிமைக்கு ஏறியது. சிபிரி அசையவே இல்லை. எடித் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஐயா, உங்கள மாதிரி ஒருத்தரைத்தான் ஊர் ஊரா தேடிக்கிட்டிருக்கேன்" என்று அவரை எழுப்பிச் சொன்னார்.

"ஒத்தை மெத்தையா, ரெட்டை மெத்தையா?" என்றார் சிபிரி.

படத்தின் பெயர் 'தலைவரை எங்கே வைப்பது'. ஊர்த்தலைவர் ஒருவர் இறந்துபோகிறார். எந்த ஊரில் புதைப்பது என்று அவருடைய இரண்டு மனைவிகளின் பிள்ளைகளும் அடித்துக்கொள்கிறார்கள். தலைவரை இவன் தூக்கிக்கொண்டு ஓட, அவன் பிடுங்கிக்கொண்டு ஓட, கழுதை வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் பேருந்துக் கூரையிலுமாக அவர் நாடு முழுக்கப் பயணம் போகிறார். ஆக, படத்தில் சிபிரி வராத காட்சியே கிடையாது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் மூச்சு விடாமல் இருப்பதுதான்.

ஆற்றைக் கடக்கும் காட்சியில்தான் சிக்கல். பாடையில் வெகுநேரம் கிடந்ததில் சிபிரிக்குக் கால் மரத்துவிட்டது. பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. "கொஞ்சம் எறக்குங்கப்பா, காலு மரத்துப் போச்சு" என்றார். பாடை தூக்க வந்தவர்கள் பக்கத்துக் கிராமத்து ஆட்கள். நடிப்பெல்லாம் அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தலைவரைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையேறி ஓடியவர்களைத் திரும்பக் கூட்டிவர மறுநாள் ஆகிவிட்டது. எடித் சோமே கைதட்டிக் குதித்தார். "இது படத்துல இருக்கும்! இது கண்டிப்பா இருக்கும்!" என்றார்.

சிபிரி சந்தைக்குத் திரும்பி வந்து, படத்தில் தனக்கு வசனம் உண்டு என்று சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அவருடைய மனைவி கொரொத்திமியின் அண்ணன் கலிஃபா, சந்தைக்குப் பின்னால் இருக்கும் சோளக் கள் கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

"ஏன் மாப்ளே, பிணத்துக்கே வசனம் குடுத்துட்டா உயிரோட இருக்கறவன் என்னத்தய்யா பேசுவான்? ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. படத்துல நீ வாயைத் திறந்திருந்தா, சாகுறவரைக்கும் உன்னை 'தலைவரே'ன்னுதான் கூப்பிடுவேன். திறக்கலேன்னா, சந்தையில இனி நீ வாயைத் திறக்கக் கூடாது. ஆள் வந்தா மெத்தையைக் கையால காட்டு. அவ்வளவுதான்."

"சரி" என்றார் சிபிரி. சொன்ன பிறகுதான் யோசித்தார். பேச்சை நம்பிப் பிழைக்கிற மனிதர் அவர். அவருடைய மெத்தைகளில் பேச்சு போக மீதி கொஞ்சம் பஞ்சு.

மூன்று ஆண்டு போனது. போபோவில் ஆண்டுதோறும் நடக்கும் அகில ஆப்பிரிக்கத் திரைப் பெருவிழாவுக்கு அந்தப் படம் தேர்வாகியிருக்கிறது என்று எடித் சோமே சொல்லி அனுப்பியபோது, சந்தை முழுக்க ஒரே பேச்சு. சிபிரி தன் நீல அங்கியைக் கஞ்சி போட்டுத் தேய்க்கக் கொடுத்தார்.

*

இந்தப் பெருவிழாவைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோருக்கும் பெருமை உண்டு. கண்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் படங்கள் வரும். மிகச் சிறந்த படத்துக்குத் தங்கக் கெளுத்தி பரிசு. விழா நடக்கும் வாரம் நகரத்தின் நாய்களைக்கூடக் குளிப்பாட்டிவிடுவார்கள். விழாவின் தலைமைப் பொதுப் பிரதிநிதி அன்செல்ம் பதியோனோ, பல ஆண்டுகளாக அந்தப் பதவியில் இருப்பவர். நெட்டையான ஆள். நல்ல குரல். அவருக்குக் கீழே ஏழெட்டுத் துணைப் பொதுப் பிரதிநிதிகள், அவர்களுக்குக் கீழே சிறப்புப் பிரதிநிதிகள். இவர்கள் எல்லோருடைய கழுத்திலும் அடையாள அட்டை தொங்கும்.

விழாவின் உயிரே அந்த அட்டையில்தான் இருந்தது. மஞ்சள் அட்டை வாசலைத் தாண்டலாம். பச்சை அட்டை படியேறலாம். நீல அட்டை உட்காரலாம். ஊதா அட்டை என்ன செய்யலாம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதால் ஊதா அட்டைக்காரர்களைக் கண்டால் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

சிபிரி அட்டை வழங்கும் கூடாரத்துக்குப் போனார். மூக்குக் கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க?"

"நடிகர்ம்மா."

"என்ன பாத்திரம்?"

"பிணம்."

அந்த அம்மாள் எழுந்து போய்த் தன் மேலதிகாரியை அழைத்து வந்தார். அவர் சிபிரியை மேலும் கீழும் பார்த்தார்.

"படத்துல மூச்சு விடுறீங்களா?"

"விடக் கூடாதுன்னு சொன்னாங்கய்யா. நானும் முடிஞ்ச வரைக்கும் விடல."

"அப்ப நடிகர் பிரிவுல நீங்க வரமாட்டீங்க. நாற்காலி, பானை, கட்டில் இதெல்லாம் வர்ற பிரிவு ஒண்ணு இருக்கு. படப் பொருட்கள். பின்பக்கம் கிடங்குக்குப் போங்க."

கிடங்கில் இருந்தவர் சிபிரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பொருளாக இருந்தால் பெட்டியில் கட்டி வந்திருக்க வேண்டும், இப்படித் திறந்தபடி வந்த பொருளை வாங்கி வைத்து நாளைக்கு ஏதாவது உடைந்து போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. சிபிரி திரும்பவும் கூடாரத்துக்கு வந்தார். அதற்குள் அங்கே கூட்டம் நெரிந்தது. மூக்குக் கண்ணாடி அம்மாளின் மேசையில் யாரும் கேட்டு வராத ஓர் அட்டை மட்டும் கிடந்தது. தங்க ஓரம், தங்கக் கயிறு.

"இதை மாட்டிக்கிட்டு எடத்தைக் காலி பண்ணுங்கய்யா" என்று அந்த அம்மாள் அதைச் சிபிரியின் கழுத்தில் போட்டுவிட்டார்.

அட்டையில் 'கௌரவ விருந்தினர்: சகாரா' என்று இருந்தது. அது ஏதோ அரங்கத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டார் சிபிரி.

விஷயம் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டைக் கௌரவ விருந்தினராக அழைப்பது வழக்கம். அந்த ஆண்டு அந்த மரியாதைக்கு இரண்டு நாடுகள் போட்டி போட்டன. யார் மனமும் நோகக் கூடாது என்று விழாக் குழு பலமுறை கூடிப் பேசி, கடைசியில் சகாரா பாலைவனத்துக்கு அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டது. பாலைவனத்தின் சார்பாக யார் வருவார் என்பதைக் குழு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருந்தது. அந்தக் கூட்டம் நடக்கவில்லை.

*

தொடக்க விழாவில் தங்கக் கயிற்றைக் கண்டதும் பணிப்பெண்கள் சிபிரியை முன்வரிசைக்கு அழைத்துப் போய் ஒரு சோபாவில் உட்கார வைத்தார்கள். அது எவ்வளவு ஆழமான சோபா என்றால், உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால்கள் காதுக்கு வந்துவிட்டன. உள்ளே மட்டமான பஞ்சு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. சபை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை.

அன்செல்ம் பதியோனோ மேடையேறினார்.

"பெருமக்களே! போன ஆண்டுகளில் நம்முடைய விழாவில் சில குறைகள் இருந்தன. அதை மறைக்க நான் விரும்பவில்லை. முக்கியமான குறை, படங்கள். ஒரு படம் தொடங்கினால் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். விளக்கை அணைத்தால் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிவதில்லை. ஒரு முறை அமைச்சரின் ஆலோசகர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், நான் அவரை வரவேற்காமல் போக நேர்ந்தது. அந்த வலி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே இந்த ஆண்டு நாம் இருட்டில் செலவிடும் நேரத்தைப் பெருமளவு குறைத்திருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்!"

அரங்கம் அதிர்ந்தது.

"படங்கள் வரும், போகும். விழா நிற்கும்! இப்போது நம் கௌரவ விருந்தினர், சகாரா, பேசுவார்."

எல்லாத் தலைகளும் சிபிரியின் பக்கம் திரும்பின. சோபாவிலிருந்து அவரை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். ஏன் கூப்பிட்டார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் கேட்க ஒரே ஒரு கேள்வி அவரிடம் இருந்தது. அதைக் கேட்டார்.

"எங்க படத்தை எப்போ போடுவீங்க?"

பதியோனோவின் கண்கள் கலங்கின.

"கேட்டீர்களா? சகாரா கேட்கிறது! எங்கள் படம் எப்போது? ஒரு கண்டமே இந்த ஒற்றை வரியில் அடங்கிவிட்டதே!"

எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் 'சகாரா எழுப்பும் கேள்வி' என்று வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் காண ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. அந்தக் குழுவுக்கு ஊதா அட்டை.

இரவு விருந்தில் வடக்குப் பக்கத்துப் பிரமுகர் ஒருவர் சிபிரியை ஓரமாக அழைத்துப் போனார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க மணல் வருஷா வருஷம் எங்க வயலுக்குள்ள வந்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் கண்டிச்சு வைக்கக் கூடாதா?"

அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சொல்லிப் பார்க்கிறேன்யா" என்றார் சிபிரி.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது கொரொத்திமி காராமணி வடைக்கு மாவு அடித்துக்கொண்டிருந்தாள். அவள் வடைக்குப் பேருந்து நிலையத்தில் தனி மதிப்பு.

"நாலு மெத்தையை ஒழுங்கா வெயில்ல காயப் போடத் தெரியாது, உன்னை நம்பி பாலைவனத்தைக் குடுத்துட்டாங்களாக்கும்" என்றாள். பிறகு மாவுக் கையோடு நிமிர்ந்தாள். "அது கெடக்கட்டும். அந்த வசனம் இருக்கா இல்லையா? கலிஃபாண்ணன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லி வெச்சிருக்கான்யா. எனக்கு வடை போட முடியலே. வர்றவன் எல்லாம் 'உம் புருஷன் பேசிட்டானா'ன்னு கேக்குறான்."

*

படம் திரையிடப்படும் நாள் வந்தது. மெத்தைக் கடை வரிசையில் எல்லோரும் கடையைச் சாத்திவிட்டு, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு திரை மாளிகைக்கு வந்து சேர்ந்தார்கள். தலையில் புதுத் துணியைக் கட்டிக்கொண்டு கொரொத்திமி முன்னால் நின்றாள். கலிஃபா பக்கத்தில். சிபிரி தங்கக் கயிற்றோடு எப்போதோ உள்ளே போய்விட்டார்.

வாசலில் காவலுக்கு இருந்தவர் ஹமா சிதிபே, மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்தவர். எங்கள் பக்கத்தில் ஃபுலானிகளும் போபோ இனத்துக்காரர்களும் ஒருவரையொருவர் கண்ட இடத்தில் வைதுகொள்ள வேண்டும், அது பாட்டன் காலத்து உறவு முறை. வையாமல் போனால் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள்.

"ஹால் நிரம்பிருச்சு" என்றார் ஹமா.

"அடே மாட்டுக்கார, நாங்க வந்து நின்ன நேரத்துலேருந்து உள்ள ஒருத்தன் போகலே. எப்படிடா நிரம்பும்?" என்றாள் கொரொத்திமி.

"காலங்காத்தால சோளக் கள்ளைக் குடிச்சிட்டு வந்தா பத்துப் பேர் போனாலும் ஒருத்தன்கூடக் கண்ணுல படமாட்டான். போபோக்காரிக்குப் படம் எதுக்கு? போய் நாய்க்கறி தின்னு."

"எங்க வீட்டு அடிமை நீ, உனக்குக் கதவு திறக்கற வேலை போட்டுக் குடுத்தா மூடிக்கிட்டு நிக்கறே!"

"நான் உன் அடிமையா? உன் தாத்தனை எங்க தாத்தன் ஒரு சொம்பு மோருக்கு வாங்கினாரு. மோர் புளிச்சிருந்துச்சுன்னு அப்பவே வருத்தப்பட்டாரு."

கூட்டம் சிரித்தது. ஹமாவும் சிரித்தார். ஆனால் கதவு திறக்கவில்லை. "நெசமாவே நிரம்பிருச்சும்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மேலிடத்துல சொன்னது."

மேலிடம் சொன்னது உண்மைதான். அரங்கம் நிரம்பியிருந்தது, ஆட்களால் அல்ல, காகிதத்தால். நாற்காலிக்கு நாற்காலி 'ஒதுக்கப்பட்டது' என்ற சீட்டு. அமைச்சரின் ஆலோசகருக்கு, ஆலோசகரின் ஆலோசகருக்கு, ஆதரவாளர்களுக்கு, ஆதரவாளர்களின் ஆதரவாளர்களுக்கு. 'எதிர்பாராத விருந்தினர்' என்று ஒரு முழு வரிசையே ஒதுக்கியிருந்தார்கள். முன்வரிசைப் பிரமுகர்களைத் தவிர ஒருவரும் வரவில்லை. படம் எடுத்தவர்களுக்கு மட்டும் இடம் இல்லை. அவர்கள் படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்பது விழாக் குழுவின் முடிவு. எடித் சோமே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். சிபிரி தூரத்திலிருந்து அவரைப் பார்த்துக் கையசைத்தார். வசனம் இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். வாயைத் திறந்து மூடிக் காட்டினார். எடித்துக்கு அது பசி என்று பட்டது. அப்புறம் சாப்பிடலாம் என்று அவரும் சைகை செய்தார்.

பதியோனோ மேடையேறினார். திரையிடலுக்கு முன் மறைந்த கலைஞர்களுக்கு அஞ்சலி. திரையில் ஒவ்வொரு புகைப்படமாக வந்தது. பெயரைப் படித்தார்கள். ஒரு பழைய ஒளிப்பதிவாளர். ஒரு பாடகி. அடுத்து வந்தது சிபிரி மில்லோகோ.

படத்திலிருந்து எடுத்து அனுப்பிய ஒரு காட்சி அது. மூக்கில் பஞ்சு, நெஞ்சில் கூப்பிய கை, நெற்றியில் ஓர் ஈ. எந்தப் புகைப்படம் எதற்கு வந்தது என்று பிரிக்க வேண்டிய துணைப் பொதுப் பிரதிநிதி, முகத்தைப் பார்த்தே பிரித்துவிட்டார்.

"தலைவர் சிபிரி மில்லோகோ!" என்றார் பதியோனோ. முன்பின் தெரியாதவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரல் இன்னும் நன்றாக இருக்கும். "பேசா நடிப்பின் பேரரசர்! வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தை வீணாகப் பேசாதவர்! அவரை நான் நெருக்கமாக அறிவேன். எத்தனையோ இரவுகள் ஆப்பிரிக்கத் திரைப்படத்தின் எதிர்காலம் பற்றி இருவரும் பேசிக் கழித்திருக்கிறோம். எழுந்து நின்று மௌனம் காப்போம்."

எல்லோரும் எழுந்தார்கள். சிபிரியையும் எழுப்பி நிறுத்தினார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் அவரும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பக்கத்தில் நின்ற வயதான பிரமுகரிடம் மெல்லச் சொன்னார்.

"ஐயா, அது நான்."

பிரமுகர் அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்தார். "நாம எல்லாருமே அதுதான்யா. இன்னிக்கி அவர், நாளைக்கி நாம."

இதெல்லாம் வாசலில் ஒலிபெருக்கியில் கேட்டது. மறைந்த தலைவர் சிபிரி மில்லோகோ. கலிஃபா தொப்பியைக் கழற்றினான். கொரொத்திமி இரண்டு கையையும் தலையில் வைத்தாள்.

"காலையில என் கையால ஆறு வடை தின்னுட்டுத்தானேய்யா போனான்!" என்று ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், பக்கத்து மாமரத்திலிருந்து வௌவால்கள் கிளம்பின. மெத்தைச் சந்தை முழுக்கச் சேர்ந்து அழுதது.

ஹமா சிதிபேவுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் போபோக்காரன் செத்தால் ஃபுலானிக்கு என்று ஒரு கடமை இருக்கிறது. இழவு வீட்டில் செத்தவனைப் போலவே நடித்துக் காட்டி, அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். ஹமா துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்குக் குறுக்கே மல்லாந்து படுத்தார்.

"நான்தான் சிபிரி" என்றார் படுத்தபடியே. "எழுப்பாதீங்க. சரக்கின் தரத்தைக் காட்டிக்கிட்டிருக்கேன்."

அழுத கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. அப்படியே அவரைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போனது. செத்துக் கிடப்பவன் எப்படித் தடுப்பான்?

கொரொத்திமி மார்பில் அடித்துக்கொண்டு அரங்கத்துக்குள் ஓடி வந்தாள். நடுவழியில் நின்றாள். முன்வரிசையில், தங்கக் கயிற்றோடு, சோபாவுக்குள் புதைந்தபடி அவளுடைய புருஷன்.

"அட கட்டையில போறவனே! செத்துட்டு சோபாவுல உக்காந்திருக்கியா!"

காலில் கிடந்த செருப்பு கைக்கு வந்துவிட்டது. அதற்குள் இரண்டு துணைப் பொதுப் பிரதிநிதிகள் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். பதியோனோ மேடையிலிருந்து கைகளை விரித்தார்.

"விதவையின் துயரத்தைப் பாருங்கள்! துக்கத்தில் சகாராவைக்கூடத் தாக்கப் போகிறார். அம்மா, மேடைக்கு வாருங்கள். உங்கள் கணவருக்கு மறைவுக்குப் பிந்தைய சிறப்பு வெள்ளிக் கெளுத்தி!"

"ஐயா!" என்று சிபிரி எழ முயன்றார். சோபா விடவில்லை. "ஐயா, நான் உயிரோடத்தான் இருக்கேன்! அது வேஷம்!"

பதியோனோ பரிவோடு பார்த்தார். "சகாரா உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது. தண்ணீர் கொடுங்கள்."

கொரொத்திமியின் கையில் வெள்ளி மீனைத் திணித்தார்கள். ஒலிவாங்கியைக் காட்டினார்கள். அவள் மீனைத் திருப்பிப் பார்த்தாள். செதிலைச் சுரண்டிப் பார்த்தாள். பிறகு பேசினாள்.

"இவன் சாகலே. செத்திருந்தா இந்நேரம் எனக்கு அடுப்புக்கு விறகு மிச்சம். எனக்கு மீனு வேணாம். படத்தைப் போடுங்க. இவன் பேசினானா இல்லையான்னு தெரிஞ்சாத்தான் நான் நாளைக்கி வடை போட முடியும்."

இதற்கும் கைதட்டினார்கள். பதியோனோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வாடியது.

"உங்கள் உணர்வை மதிக்கிறோம். ஆனால் உரைகள் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக அமைந்துவிட்டதால் நேரம் முடிந்துவிட்டது. இன்னும் சற்று நேரத்தில் இங்கே நிறைவு விருந்துக்கான ஒத்திகை. ஆகவே இந்தப் படத்துக்குக் கௌரவத் திரையிடல் வழங்கப்படும்."

கௌரவத் திரையிடல் என்றால் படத்தின் பெயரை மூன்று முறை உரக்கப் படிப்பார்கள். அனைவரும் எழுந்து கைதட்டுவார்கள். படம் திரையிடப்பட்டதாகக் கருதப்படும். விழாவில் பெரும்பாலான படங்களுக்குக் கிடைப்பது இந்த மரியாதைதான். எடித் சோமே சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தார்.

"அப்ப நடுவர்கள் எப்படிப் பாப்பாங்க?"

நடுவர் குழுத் தலைவி எழுந்தார். "தங்கச்சி, நாங்க எந்தப் படத்தையும் பார்க்கறதில்லே. பார்த்தா மனசு ஒரு பக்கமா சாய்ஞ்சுரும். நாங்க நடுநிலை."

'தலைவரை எங்கே வைப்பது' என்று மூன்று முறை படித்தார்கள். கைதட்டினார்கள். விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை.

*

வாசலில் சந்தைக் கூட்டம் கலையாமல் நின்றது. ஹமா உயிர் பெற்று எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். கலிஃபா தன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். கிண்டல் செய்யத்தான் வாயைத் திறந்தான். சிபிரி நின்ற நிலையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மூன்று ஆண்டு காத்திருந்த மனிதர் கழுத்துக் கயிற்றைக் கழற்றத் தெரியாமல் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"படம் எங்கம்மா இருக்கு?" என்று கொரொத்திமி எடித்தைக் கேட்டாள்.

"என் பையிலதான்."

"காட்டற மெசினு?"

"அது என் வண்டியில இருக்கு. கிராமத்துக்கெல்லாம் கொண்டுபோய்ப் போடுவேன். ஆனா கரண்டு வேணுமே."

எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். விழாவின் வரவேற்பு வளைவில் பதியோனோவின் பெரிய படமும் அதைச் சுற்றி வண்ண விளக்குகளும் அந்தி வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தன. விழாவுக்காகப் புதிதாக வெள்ளையடித்த சுற்றுச்சுவர் பக்கத்திலேயே நீண்டு கிடந்தது.

"ஏ மாட்டுக்கார" என்றாள் கொரொத்திமி.

"என்னால முடியாது. என் வேலை போயிரும்."

"ஒரு போபோக்காரி கேட்டு ஒரு ஃபுலானி இல்லேன்னு சொன்னான்னு நாளைக்கி ஊரு பூரா தெரியட்டும்."

ஹமா தலையில் அடித்துக்கொண்டார். "மோர் புளிச்சதுன்னு தாத்தன் சொன்னது சரிதான்" என்று முனகிக்கொண்டே போய் வளைவின் செருகியைப் பிடுங்கினார். பதியோனோ இருண்டார். சுவரில் வெளிச்சம் விழுந்தது.

தெருவிலேயே உட்கார்ந்தார்கள். போகிற வழியில் சைக்கிளை நிறுத்தியவர்கள் கம்பியில் சாய்ந்தபடி நின்றார்கள். சுவரில் சிபிரி செத்தார். கழுதை வண்டியில் ஏறினார். பேருந்துக் கூரையிலிருந்து ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே சரிந்தார். மக்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். சிபிரி சிரிக்கவில்லை. தன் செத்த முகத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை. கொரொத்திமி அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"நீ செத்தா இப்படித்தான் இருப்பியா?" என்றாள் மெல்ல.

"தெரியலே."

"நல்லாத்தான் இருக்கே." கையை விடவில்லை.

ஆறு வந்தது. பாடை தண்ணீருக்குள் இறங்கியது. தெரு மூச்சை அடக்கியது. சுவரில் இருந்த சிபிரி ஒரு கண்ணைத் திறந்தார். "கொஞ்சம் எறக்குங்கப்பா, காலு மரத்துப் போச்சு." பாடை விழுந்தது. ஆட்கள் ஓடினார்கள். அடுத்து என்ன பேசினார்கள் என்பது கொஞ்ச நேரம் யாருக்கும் கேட்கவில்லை, தெருவே அப்படிக் கத்தியது. கலிஃபா எழுந்து வந்து, தொப்பியைக் கழற்றி, எல்லோருக்கும் முன்னால் சிபிரியின் காலடியில் உட்கார்ந்தான்.

"கால் பிடிச்சு விடவா, தலைவரே?"

"பிடி" என்று காலை நீட்டினார் சிபிரி.

அந்த நேரம் பார்த்துத்தான் வளைவு ஏன் அணைந்தது என்று பார்க்க அன்செல்ம் பதியோனோ டார்ச் விளக்கோடு வெளியே வந்தார். பின்னால் மூன்று துணைப் பொதுப் பிரதிநிதிகள்.

"நிறுத்துங்கள்! இது என்ன திரையிடல்? தொடக்க உரை இல்லை! வரவேற்புரை இல்லை! யாருக்கும் மாலை போட்டதாகத் தெரியவில்லை!"

"மறைக்குதுய்யா, உக்காரு!" என்றாள் கொரொத்திமி, யார் என்று பார்க்காமலே. அங்கியைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ அவருடைய கையில் ஒரு வடையைக் கொடுத்தார்கள். எழுந்துவிடத்தான் நினைத்தார். ஆனால் சுவரில் அந்த நேரம் தலைவரின் இரண்டு மகன்களும் ஆற்றில் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள், அப்பனை யார் முதலில் பிடிப்பது என்று.

"இதுல மூத்தவன் யாரு?" என்றார் பக்கத்தில் இருந்தவனிடம்.

"சட்டை போடாதவன். பேசாம பாருங்க."

சற்று நேரம் கழித்து, "ஐயோ, அந்தப் பக்கம் சுழல் இருக்குடா!" என்று அவரே கத்தினார். டார்ச் விளக்கு எங்கோ உருண்டுவிட்டது. வடையைக் கடிக்க மறந்துவிட்டார். கடைசிக் காட்சியில் இரண்டு மகன்களும் நனைந்த அப்பனை நடுவில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து ஒரே சட்டியில் சாப்பிடும்போது அவருடைய தோள் குலுங்கியது.

படம் முடிந்தது. துணைப் பொதுப் பிரதிநிதிகள் அவசரமாக ஒலிவாங்கியைக் கொண்டுவந்து அவருடைய வாய்க்கு நேரே பிடித்தார்கள். தெரு பொறுமையாகத் தயாரானது. அவர் பேச ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊருக்கே தெரியும். பதியோனோ ஒலிவாங்கியைக் கையால் ஒதுக்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எடித் சோமேயைத் தேடிப் பிடித்து, கூச்சத்தோடு கேட்டார்.

"இது மாதிரி வேற ஏதாவது இருக்கா?"

"நிறைய இருக்குய்யா. வருஷா வருஷம் நம்ம விழாவுக்கு வர்றதே நூத்துக் கணக்குல இருக்குமே."

பதியோனோ இருண்டு கிடந்த திரை மாளிகையைத் திரும்பிப் பார்த்தார். கையில் வடை ஆறிப்போயிருந்தது.

"இதையா?" என்றார். "இதையா நமக்கு அனுப்பிக்கிட்டிருந்தாங்க?"